பெங்களூரு பந்த்துக்கு முந்தின ராத்திரி வந்த வீடியோ

பெங்களூரில் அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கான வாட்ஸ்அப் குரூப்புக்கு நானும் இன்னொரு அக்காவும் அட்மின், ஆறு வருஷமாகப் பார்க்கிறோம். மொத்தம் 430 பேர். வாடகை வீடு, அவசரத்துக்கு ரத்தம், பொங்கலுக்குக் கரும்பு எங்கே மலிவு, இப்படித்தான் பொழுது போகும். குட்மார்னிங் படம், சீட்டு விளம்பரம் எல்லாம் ஒரு தொல்லையே இல்லை. 2023 செப்டம்பர் 25 ராத்திரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காவிரிக்காக பெங்களூரு பந்த். பதினொன்றரை மணி இருக்கும், ஒரு வீடியோ வந்து விழுந்தது. வரிசையாக பஸ்கள் எரிகின்றன, கீழே 'இப்போது மைசூர் ரோட்டில், தமிழர்கள் யாரும் வெளியே வராதீர்கள்' என்று எழுதியிருந்தது. பலமுறை ஃபார்வர்டு ஆனதற்கான இரட்டை அம்புக்குறியும் இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, ஏனென்றால் அதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், படம் எடுத்தவர் நடுவில் ரெண்டு தடவை இருமுவார். 2016 செப்டம்பர் 12-ல் டிப்போவில் நின்ற தமிழ்நாட்டு பஸ்களைக் கொளுத்தினார்களே, அன்றைக்கு வந்த வீடியோ. அன்று விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

உடனே டெலீட் செய்தேன். அட்மின் அடுத்தவர் மெசேஜை அழிக்கும் வசதி 2022-ல்தான் வந்தது, ஆனால் அழித்தது யார் என்று பெயரோடு காட்டிவிடும். 'உண்மையை ஏன் மறைக்கிறீர்கள்?', 'யாருக்குப் பயப்படுகிறீர்கள்?' என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குள் குரூப்பில் இருக்கும் ஒரு பெண்ணின் அம்மா ஆம்பூரிலிருந்து அவளிடம் போனில் அழுகிறார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்பவே கிளம்பி வந்துவிடு என்று. நான் எங்கள் குரூப்பில் அழித்தேன், சரி, அது ஊருக்கே போய்ச் சேர்ந்திருந்ததே!

வேறு வழி தெரியாமல், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குரூப்பைப் பூட்டினேன். அது சரியா என்று இன்னமும் யோசிக்கிறேன். விடிந்தால் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர், ஆட்டோ வைத்திருக்கும் யாராவது வருவார்களா என்று கேட்கக்கூட முடியாமல் தவித்திருக்கிறார், என் நம்பர் கையில் இருந்ததால் கூப்பிட்டார்.

வீடியோ போட்டது எங்கள் தெரு மாமா, அப்பாவோடு வேலை பார்த்தவர். எல்லார் முன்னாலும் சொல்ல மனசு வராமல் போன் செய்தேன்.

"மாமா, அது ஏழு வருஷத்துப் பழசு."

"நீ எனக்குப் பாடம் எடுக்கிறியாம்மா?"

வைத்துவிட்டார். மறுநாள் பால் பூத்தில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எட்டு மாசம் பேச்சே இல்லை. ஒரு ஃபார்வர்டுக்கு இவ்வளவா என்கிறார்கள். 2018 மே மாதம் இதே ஊரில், சாமராஜ்பேட்டையில், பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியை நம்பி ராஜஸ்தானிலிருந்து வந்த ஓர் இளைஞனை அடித்தே கொன்றார்கள். அப்படி யாராவது கேட்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

விவேக் நகரிலிருந்து ஒரு பதில்:

அக்கா, எங்கள் வீட்டில் வேறு கதை. எவனோ எதையோ போட்டால் போலீஸ் உன்னைத்தான் தேடி வரும் என்று அவர் தினமும் சண்டை. உறுப்பினர் போடுவதற்கு, அட்மினும் அதற்கு உடந்தையாக இருந்தால் ஒழிய, அவர் பொறுப்பாக மாட்டார் என்று 2021-ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்ன செய்தியைக் காட்டிய பிறகுதான் கொஞ்சம் அடங்கினார். ஆனால் ராத்திரி பத்துக்கு மேல் போனை அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்கள் குரூப்பில் அந்த நேரத்தை யார் பார்க்கிறார்கள், அக்கா?