மூடப்பட்ட பவுலிங் கூடத்தின் பழைய மதிப்பெண் தாள்களைப் படிக்க உதவ முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா தொடங்கி, அவருக்குப் பின் அப்பாவும் அத்தையும் சேர்ந்து நடத்திய, பந்தை உருட்டிப் பின்கள் எனும் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டத்துக்கான எட்டுத் தடங்கள் கொண்ட பவுலிங் கூடம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூடத்தின் மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். அண்மையில் அந்த வீட்டைக் காலி செய்தபோது ஓர் அட்டைப்பெட்டி நிறைய மதிப்பெண் தாள்களும், அத்தையின் கையெழுத்தில் ஒரு கணக்கு நோட்டும், கருநிற முக்கோணம் பதித்த ஒரு மரப்பலகைத் துண்டும் கிடைத்தன. இவற்றைப் பற்றிக் கேட்டறிய அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. நானோ அங்கேயே வளர்ந்தும் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளாதவன்.

என் கையில் உள்ள ஒரு தாளில் ஒரே ஒரு வரிசைதான் நிரப்பப்பட்டிருக்கிறது. பெயர் எழுதும் இடம் காலியாக உள்ளது. முதல் கட்டத்தில் பெருக்கல் குறி, இரண்டாவதில் 7 என்ற எண்ணும் ஒரு சாய்கோடும், மூன்றாவதில் வட்டமிட்ட 8 என்ற எண்ணும் ஒரு சிறுகோடும் காணப்படுகின்றன. கீழே 20, 38, 46 என எழுதப்பட்டுள்ளது. நோட்டிலோ ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 150, 40 என்றும் 165, 28 என்றும் 120, 64 என்றும் இணை இணையாக எண்கள் உள்ளன. இவற்றின் பொருள் என்ன?

நினைவில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை காலணி கொடுக்கும் மேசையில் நிற்பார். உள்ளே வருபவரின் பாதத்தை ஒரு பார்வை பார்த்து, அவர் அளவைச் சொல்லும் முன்பே சரியான இணையை எடுத்து வைத்துவிடுவார். அப்பா எப்போதும் பின்களை அடுக்கும் இயந்திரங்களுக்குப் பின்னால்தான் இருப்பார். அவர் நகக்கண்களில் படிந்திருந்த கிரீஸ் கறை விடுமுறை நாளிலும் போனதில்லை. கூடத்தைப் பூட்டிய பின்பும், நாங்கள் படுத்திருக்கும்போது கீழே ஒரே ஒரு தடத்தில் மட்டும் பந்து உருளும் ஓசையும், சற்றுப் பொறுத்துப் பின்கள் சிதறும் ஓசையும் கேட்கும். அப்பா இயந்திரத்தைச் சோதிக்கிறார் என்றே நானும் தங்கையும் எண்ணிக்கொள்வோம்.

முதல் மறுமொழி

வணக்கம். எங்கள் லீக்கில், அதாவது வாராந்தரப் போட்டித் தொடரில், பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் உங்கள் தாளை என்னால் படிக்க முடிகிறது. பெருக்கல் குறி ஸ்ட்ரைக், அதாவது முதல் பந்திலேயே பத்துப் பின்களும் விழுந்தன. சாய்கோடு ஸ்பேர், முதல் பந்தில் 7 விழுந்து, மீதி மூன்றும் இரண்டாம் பந்தில் விழுந்திருக்கின்றன. சிறுகோடு என்றால் ஒன்றும் விழவில்லை. ஸ்ட்ரைக் எடுத்தவருக்கு அடுத்த இரண்டு பந்துகளில் விழுபவையும், ஸ்பேர் எடுத்தவருக்கு அடுத்த ஒரு பந்தில் விழுபவையும் கூடுதலாகச் சேரும். ஆகவே முதல் கட்டத்துக்கு 10, 7, 3 சேர்ந்து 20. இரண்டாவதற்கு 10, 8 சேர்ந்து 18, மொத்தம் 38. மூன்றாவதற்கு வெறும் 8, மொத்தம் 46. ஸ்ட்ரைக் விழுந்தவுடன் தொகையை எழுத முடியாது, அடுத்த இரண்டு பந்துகளுக்காகப் பென்சிலைக் கையில் பிடித்தபடி காத்திருக்க வேண்டும் என்பதுதான் கையால் கணக்கு எழுதுவதில் எனக்குப் பிடித்த பகுதி. தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் எடுத்தால் 300. அதற்கு மேல் எண் கிடையாது.

வட்டமிட்ட 8 ஸ்ப்ளிட்டைக் குறிக்கும். முன்னால் நிற்கும் முதல் பின் விழுந்துவிட, மிச்சமிருக்கும் பின்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் நிலை அது. கடைசி வரிசையின் இரு கோடிகளில் 7, 10 ஆகிய எண்களுக்குரிய பின்கள் இரண்டும் நின்றுவிட்டால் தேர்ந்த ஆட்டக்காரரும் பெருமூச்சு விடுவார். எழுதுபவர் போடும் அந்த வட்டத்தில், 'பாவம், இது இவர் குற்றமல்ல' என்ற சிறு இரக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

நோட்டில் உள்ளவை சராசரியும், ஹேண்டிகேப் எனும் சலுகைப் புள்ளிகளும். உங்கள் கூடத்தில் 200ஐ அடிப்படையாகக் கொண்டு, அதற்கும் ஆட்டக்காரரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 சதவீதத்தைச் சலுகையாகக் கொடுத்திருக்கிறார்கள். 150 என்றால் வித்தியாசம் 50, சலுகை 40, 165க்கு 28, 120க்கு 64. வெல்லமுடியாதவர்களுடன் மோத மற்றவர்களும் வாராவாரம் வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இதில் ஓர் எண் பிசகினாலும் சண்டை வரும். உங்கள் அத்தை இதை ஒற்றை ஆளாக எழுதிவந்தார் என்றால், லீக் நடந்ததே அவரால்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

இரண்டாம் மறுமொழி

நான் இத்தகைய இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். பலகையைப் பற்றி முதலில் சொல்கிறேன். தடத்தின் அகலம் 41.5 அங்குலம், மரத் தடத்தில் 39 குறும்பலகைகள் பக்கம் பக்கமாக நிறுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். பந்து வந்து விழும் முன்பகுதியும் பின்கள் நிற்கும் பகுதியும் கடினமான மேப்பிள் மரம். நடுவே பந்து வழுக்கிச் செல்லும் நீளம் பைன் மரம். எல்லைக் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் ஏறக்குறைய 15 அடி தொலைவில், ஐந்தைந்து பலகைக்கு ஒன்றாக ஏழு அம்புக்குறிகள் பதித்திருப்பார்கள். நல்ல ஆட்டக்காரர் பின்னைப் பார்க்கமாட்டார், அம்பைத்தான் பார்ப்பார். உங்களிடம் இருப்பது அப்படி ஓர் அம்பு பதித்த துண்டு. தடத்தைப் பிரித்தபோது யாரோ ஆசையாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தாத்தாவின் காலத்தில் பின்களைச் சிறுவர்கள் கையால்தான் அடுக்கியிருப்பார்கள். பின்களுக்குப் பின்னால் ஒரு மேட்டில் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, பந்து மோதியவுடன் குழிக்குள் குதிக்க வேண்டிய வேலை அது. சிதறும் பின் காலில் அடிக்காத நாள் குறைவு. தானியங்கி இயந்திரத்தை ஏஎம்எஃப் நிறுவனம் 1946ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் காட்சிக்கு வைத்தது. 1950களில்தான் அது கூடங்களில் பரவலானது. அதன் பிறகு சிறுவர்களின் இடத்துக்கு உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் வந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயந்திரத்தைச் சோதிக்க முன்பக்கத்திலிருந்து பந்து வீசத் தேவையில்லை. பின்னால் நின்றபடியே விசையைத் தட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடலாம். எப்போதாவது ஒருமுறை வீசிப் பார்ப்போம் என்பது உண்மைதான். ஆனால் இரவுதோறும் பந்து உருண்டு, பிறகு பின்கள் சிதறும் ஓசை கேட்டது என்றால், அங்கே யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நான் நினைப்பேன்.

மூன்றாம் மறுமொழி

எங்கள் குடும்பமும் இதே தொழிலில் இருந்தது. தாளில் ஒரே வரிசை, பெயரும் இல்லை என்பது என்னையும் உறுத்துகிறது. வாடிக்கையாளர் தாள் என்றால் கணக்கில் எடுத்துக்கொள்வதற்காகவாவது பெயர் இருக்கும். வீட்டில் பந்து ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதன் துளைகளைப் பாருங்கள். பொதுப் பந்தின் துளைகள் யாருக்கும் சரியாகப் பொருந்தா. சொந்தப் பந்தின் துளைகளை உரியவரின் கையை அளந்து போட்டிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு மன்னிக்கவும். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் பெயர் எழுதாத ஒரு வரி இருக்கிறது. தொடக்கத்தில் அது 95, 84. அடுத்தடுத்த பக்கங்களில் 110, 72 என்றும் 140, 48 என்றும் மாறி, கடைசிப் பக்கத்தில் 155, 36 என்று நிற்கிறது. லீக்கில் ஆடாத ஒருவருக்கு ஹேண்டிகேப் தேவையில்லை. ஆனாலும் மற்றவர்களுக்குப் போட்டதைப் போலவே அந்த வரிக்கும் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. பெட்டியில் பெயரில்லாத ஒற்றை வரிசைத் தாள்கள் இதுவரை அறுபதுக்கு மேல் எண்ணியிருக்கிறேன்.

கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பந்தை முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். எடை 10 பவுண்டு. என் விரல்கள் முதல் கணுவுக்கு மேல் உள்ளே போகவில்லை. அப்பாவின் விரல்கள் என்னுடையவற்றைவிடத் தடிமன். தங்கையை வரவழைத்து அவள் விரல்களை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். அத்தையின் கை அப்படியே அவளுக்கு வாய்த்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்வதுண்டு. மூன்று விரல்களும் சரியாக உள்ளே இறங்கின.