துரோன் தினமும் சாப்பிடலாமா? ஹாஸ்டல்ல ஒரே சண்டை

டவாவ்_தம்பி:
நான் பிலிப்பைன்ஸ்ல டவாவ்ல மெடிசின் படிக்கிறேன். மதியம் 3 மணி ஆனா இங்க மெரியெண்டா, நம்ம ஊர் டிபன் டைம் மாதிரி. காலேஜ் வாசல்ல ஒரு அக்கா துரோன் போடுவாங்க, சபா வாழைப்பழத்த நீளமா கீறி சர்க்கரைல புரட்டி ஒரு கீத்து பலாச்சுளையும் சேர்த்து லும்பியா ஷீட்ல (மெல்லிசான மாவு ஷீட்) சுருட்டி பொரிக்கிறது. தினமும் ரெண்டு சாப்பிடுறேன், ரூம்மேட் திட்டுறான். பழம்தானே, இதுல என்ன தப்பு?

தட்டுல_என்ன:
தம்பி, பழத்துல தப்பே இல்ல, பொட்டாசியம் நார்ச்சத்து எல்லாம் இருக்கு. மேல பளபளன்னு ஒட்டியிருக்கே அது என்ன? எண்ணெய்லயே சர்க்கரைய தூவி உருகவிட்டு ஷீட் மேல பிடிக்க வைக்கிறாங்க. ஒரு துரோனுக்கு ஒரு டேபிள்ஸ்பூன்னு வச்சாலும் 12 கிராம், ரெண்டுல 24. சேர்க்குற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிடுச்சு. எண்ணெய் வேற தனி.

மணிலா_ராஜி:
எல்லாத்தையும் கிராம் கணக்குல பாக்காதீங்க மேடம். அந்த ஷீட் சீனாவோட ஃபூஜியன்ல இருந்து வந்தவங்க கொண்டுவந்தது, பேரு ஸ்பெயின்காரங்க மிட்டாய் பேரு, பழம் அந்த மண்ணோடது, மூணும் ஒரு குச்சி அளவு பலகாரத்துல இருக்கு. ஜீப்னி (அங்க ஓடுற மினி பஸ் மாதிரி) ஓட்டுறவர் நின்னுகிட்டே ஒண்ணு கடிச்சுட்டு ராத்திரி வரைக்கும் ஓட்டுவாரு, எட்டு வருஷமா பாக்குறேன். அவர்கிட்ட போய் கலோரி பேசுவீங்களா?

தட்டுல_என்ன:
ராஜி, நாள் முழுக்க உழைக்கிறவருக்கு நான் சொல்லவே இல்லையே. உக்காந்து படிக்கிற பையன் தினமும் ரெண்டு தின்னா அதான் கவலை. அதே சபாவ தோலோட வேகவச்சு நிலாகான்னு அங்கயே சாப்பிடுறாங்க, அதுவும் அவங்க சாப்பாடுதானே?

மணிலா_ராஜி:
நிலாகா நல்லதுதான், ஆனா அது துரோன் ஆகாது. கடிச்சதும் அந்த சர்க்கரை ஓடு நொறுங்கி உள்ள சூடா பலா வாசன வருமே, அதுக்குத்தான் வரிசைல நிக்கிறாங்க.

டவாவ்_தம்பி:
இன்னிக்கு அந்த அக்கா கைய உத்து பாத்தேன். ஒரு சட்டிக்கு ரெண்டு பிடி சர்க்கரை போடுறாங்க, பேப்பர் பை எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. தட்டுல_என்ன அக்கா சொன்னது சரிதான். நாளைல இருந்து திங்கக்கிழமை, வியாழக்கிழமை மட்டும், ஒண்ணு. மத்த நாள் நிலாகா, அதுவும் அந்த அக்காகிட்டயே கிடைக்குது.