எம்எம்பி-9 ஏறியிருக்கிறது: கட்டியா, கிருமியா?

முதல் பதிவு
ஒரு யூரின் சாம்பிள் இன்னும் உறுத்துகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சந்தேகம், ஜெலட்டின் சைமோகிராம்: ஜெலட்டினைக் கரைக்கும் என்சைம் நிற்கும் இடம் சாயமேறாமல் வெளுத்துத் தெரியும் ஜெல் சோதனை. கூமாசி நீலச் சாயத்தில் 92 கிலோடால்டன் (புரத எடை) இடத்தில், அதாவது திசுவைக் கரைக்கும் எம்எம்பி-9 என்சைமின் இடத்தில், பளீரென்று ஒரு வெள்ளைப் பட்டை, அதற்கு மேலே 125-இல் இன்னொன்று. எம்எம்பி-9 ஏறினால் கட்டியின் தரமும் நிலையும் மோசமாக இருக்கலாம் என்று உடனே கை எழுதப் போகும். பொறுங்கள். அந்த 125, என்கால் புரதத்தோடு ஒட்டிய எம்எம்பி-9. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களில் இந்த இரண்டு புரதமும் ஏராளம். யூரின் வண்டலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புலம் முழுக்கச் சீழ்செல்கள், அதாவது அதே வெள்ளணுக்கள். கட்டியும் இதே கூட்டுப்புரதத்தைச் சுரக்கக்கூடும் என்பதால் பட்டையை வைத்துப் பிரிக்க வழியில்லை. கல்ச்சர், சிகிச்சை, பிறகு மறு சாம்பிள்.

மறுமொழி 1
குரோமோசோம் நுனியை நீட்டும் டெலோமரேஸ் என்சைமைப் புற்றுக்குறியாகப் பார்த்தாலும் இதே தொல்லைதான், லிம்போசைட் என்ற வெள்ளணுவிலும் அது இருக்கிறது. ஆனால் என்னை உலுக்கியது, டெலோமரேஸை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) வழியாகக் காட்டும் ட்ராப் சோதனையின் ஜெல்லில் ஒரு வெறும் தடம். ஏணிப் பட்டைகள் இல்லை, சரி. சோதனை ஓடியதா என்று காட்ட எப்போதும் வர வேண்டிய 36 பேஸ் ஜோடி உள்கட்டுப்பாட்டுப் பட்டையும் இல்லை! அதற்கு ‘நெகட்டிவ்’ என்று ரிப்போர்ட். யூரினில் உள்ள ஏதோ பிசிஆரையே அடைத்துவிட்டது என்று அர்த்தம். சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே 85 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி என்சைமை அழித்த அதே சாறும் ஓட வேண்டும், அதில் ஏணி வரக்கூடாது. டெலோமரேஸின் டெர்ட் மரபணுவை இயக்கும் பகுதியில் (புரொமோட்டர்) வரும் மாற்றத்தை டிஎன்ஏவில் தேடினால் என்சைம் கெடும் கவலை இல்லை. ஆனால் அது தாழ்தரக் கட்டியிலும் உயர்தரக் கட்டியிலும் சகஜம், தரம் பிரிக்க உதவாது.

மறுமொழி 2
இருவரும் என்சைமையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் எல்டிஹெச் (செல்களுக்குள் இருக்கும் ஒரு என்சைம்) ஏறியதென்று ‘புற்று பரவிவிட்டது’ எனப் பயமுறுத்திய ரிப்போர்ட் ஒன்று உண்டு. டியூபில் சீரம் ரோஜா நிறம். சிவப்பணு உடைந்தால் எல்டிஹெச்சோடு பொட்டாசியமும் ஏஎஸ்டி என்சைமும் கூடவே ஏறும், அதைப் பார்த்தாலே தெரியும். ரத்தத்தை ஊசியில் வேகமாக இழுக்காதீர்கள், சீரத்தை உடனே பிரியுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள்: எல்டிஹெச்சின் 4, 5ஆம் வகைகள் குளிரில் அழியும். கல்லீரலிலும் எலும்பிலும் உள்ள ஏஎல்பி என்சைம் ஏறினால் ஜிஜிடி என்சைமையும் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம் சாய்வு, இல்லையென்றால் எலும்பு. ரத்தத்தில் எம்எம்பி-9 பார்ப்பதானால் பிளாஸ்மா எடுங்கள்; ரத்தம் கட்டியாக உறையும்போது செல்கள் அதைக் கொட்டுவதால் சீரத்தில் பொய்யாக ஏறும்.

இதற்கெல்லாம் முன்னால் பயாப்ஸியைப் படியுங்கள். துண்டில் டெட்ரூசர் (சிறுநீர்ப்பைச் சுவர்) தசை இருக்கிறதா? கூடவே சிஐஎஸ் (மேல்படலத்திலேயே தட்டையாகப் படர்ந்த உயர்தரப் புற்று) உண்டா? கட்டி 3 செ.மீ. தாண்டியதா, எத்தனை கட்டி, முன்பு எத்தனை முறை திரும்பியது? டி1 (தசையை எட்டாமல் அதற்கு மேலுள்ள திசுவரை இறங்கிய கட்டி) என்றால் 2 முதல் 6 வாரத்துக்குள் மறு டியூஆர், அதாவது சிறுநீர்க்குழாய் வழியாக மறுபடி சுரண்டி எடுப்பது. மீண்டும் வருமா, தசைக்குள் இறங்குமா என்பதை இவைதான் முதலில் சொல்லும்.

முதல் பதிவர்
மறு டியூஆர் பற்றி யாரும் கேட்கவில்லையே, சார். பயாப்ஸி முதலில் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நான் சொல்ல வந்தது, அந்த யூரின் எம்எம்பி-9 அளவைக் கிரியேட்டினின் (யூரினில் வெளியேறும் ஒரு கழிவு) அளவால் வகுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எழுதுகிறார்களே, அதைத்தான். வகுத்தால் நீர்த்த யூரின், அடர்ந்த யூரின் வித்தியாசம் மட்டும் போகும். சீழ்செல் கொட்டிய எம்எம்பி-9 அப்படியே நிற்கும்.