ஓடைக்கரையில் மாடு இறங்கலாமா?

ஓடைக்கரையான்:
நீலகிரியில் எங்கள் ஊருக்குக் கீழே எமரால்டு அணையில் போய்ச் சேரும் ஓடை ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் ஒரே எட்டில் தாண்டுவேன். இப்போது ஆறடி அகலம், கணுக்கால் ஆழம். தண்ணீர் குடிக்க மாடுகள் இறங்கி இறங்கிக் கரையே சரிந்துவிட்டது. குளம்புக் குழி ஒவ்வொன்றிலும் சாணித் தண்ணீர், அதில் கொசுப்புழு. ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் பூச்சி ஒன்றுகூட இல்லை, வழுவழுவென்று சேறுதான். ஓடையோர மேய்ச்சலை நிறுத்த வேண்டும்.

நாலுகறவை:
மாடு மட்டும்தான் கண்ணில் படுகிறதா தம்பி? ஓடை விளிம்பு வரை கேரட் பாத்தி போடுகிறோம். (நானும்தான், மறைக்கவில்லை.) ஒரு மழை பெய்தால் தண்ணீர் டீ நிறத்தில் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு என் நாலு கறவையைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

ஓடைக்கரையான்:
கேரட் சேறு தப்பு என்பதால் மாட்டுச் சேறு சரியாகிவிடுமா அண்ணா? பாத்தியிலிருந்து வரும் மண்ணைத் தடுப்பதே கரைப் புல்தான். அதை மிதித்துத் துவைத்துவிட்டால் மண் நேராக ஓடைக்குள். அகலம் கூடி ஆழம் குறைந்தால் தண்ணீர் வெயிலில் சூடாகும். கூழாங்கல் இடுக்கைச் சேறு அடைத்தால் மீன் முட்டை பிழைக்காது.

சோலைப்புல்:
மேய்ச்சலே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. தோடர் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த மலை இது. புல்வெளியை விழுங்கியது எருமையா, வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமுமா (யூகலிப்டஸ்)? 2022ல் உயர் நீதிமன்றம்கூட முதலில் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை என்றது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மட்டும் என்று மாற்றியது.

ஓடைக்கரையான்:
சரி, 'நிறுத்த வேண்டும்' என்றது என் அவசரம். மேயட்டும். தண்ணீருக்கு மட்டும் ஓடையில் இறங்க வேண்டாம். மேலே ஊற்றிலிருந்து ஹோஸ் இழுத்து, கரையை விட்டுத் தள்ளி மேட்டில் ஒரு தொட்டி வைக்கலாம். பக்கத்திலேயே தண்ணீர் கிடைத்தால் மாடு எதற்கு வழுக்குகிற சரிவில் இறங்கப்போகிறது?

நாலுகறவை:
வேலி போடச் சொல்லாதவரை நல்லது. போன வருடம் போட்ட கம்பி வேலியைக் காட்டெருமை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டது. ஆனால் ஜனவரி உறைபனியில் ஹோஸ் அடைத்துக்கொள்ளுமே? வெயில் ஏறும்வரை மாடு எங்கே குடிக்கும்?

ஓடைக்கரையான்:
ஹோஸை ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிடலாம். தொட்டி முந்தின சாயங்காலமே நிரம்பியிருக்கும்; மேலே படிந்த பனித்தகட்டைக் காலையில் தட்டி உடைத்தால் போதும். எத்தனை மீட்டர் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்ப்போமா?