புதுப்பேட்டையில் எடுத்த கியர்பாக்ஸ்: 948 ஹெரால்டுக்குச் சேருமா?

சேலத்து ஹெரால்டு:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் டூ, 948 சிசி, வீட்டில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று கியர்களில் அரைக்கிற மாதிரி இரைச்சல். நாலாவது போட்டதும் அடங்கிவிடுகிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, வேறு கியர் பெட்டி கிடைத்தால் வாங்கிவிடுங்கள் என்றார்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் ஒன்று கிடைத்தது. "ஹெரால்டு பெட்டிதான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார் கடைக்காரர். சரிப்படாவிட்டால் இந்த வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். பெல் ஹவுசிங்கோடு (இன்ஜினோடு இணைக்கும் முன்பக்கக் கூடு) இருக்கிறது, டாப் கவரும் லீவரும் முழுசாக இருக்கின்றன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததில் கூட்டில் இருக்கும் எண்ணுக்கு முன்னால் ஜி, ஏ என்று இரண்டு எழுத்துகள் தெரிகின்றன. இது என் வண்டிப் பெட்டிதானா? மாட்டினால் ஏற்காடு ஏறுமா? மாதம் ஒரு முறையாவது மேலே போகிற வண்டி இது.

பழைய பட்டறை:
ஜிஏ என்றால் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு 1200-க்குப் போட்ட முன்னெழுத்து. 1147 சிசி இன்ஜினோடு வந்த பெட்டி அது. வண்டலூரில் நம்ம ஆட்கள் செய்த ஹெரால்டெல்லாம் 948தான். அதற்கப்புறம் அவர்கள் செய்த கெசல் காரிலும் அதே 948 இன்ஜின்தான் போட்டார்கள். எனவே நீங்கள் வாங்கிய பெட்டி ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து வந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. முதல் வேலையாக உங்கள் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி அந்தப் பெட்டியின் முன்னால் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்டில் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் முன்னும் பின்னும் ஓடினால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

கோவை லேத்:
தம்பி, எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறுபது வருஷத்தில் அந்தப் பெட்டியை எத்தனை பேர் பிரித்திருப்பார்கள்? எண் கூட்டின் மேல்தான் இருக்கிறது. உள்ளே எந்தப் பல் இருக்கிறது என்பதைச் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெட்டியை பெஞ்சில் வையுங்கள். பின்னால் இருக்கும் ஃபிளாஞ்சில் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தட்டு) சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேரே கூட்டில் ஒரு கோடு. முதல் கியர் போடுங்கள். முன்னால் இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைனைக் (வரிப்பள்ளம் உள்ள முனை) கையால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஃபிளாஞ்ச் சரியாக நாலு சுற்று முடிக்கும்போது நீங்கள் 17 சுற்று சுற்றியிருந்தால் அது 948 பல் (4.27). 15 சுற்றிலேயே முடிந்துவிட்டால் 1200 பல் (3.75). இரண்டாவது கியரிலும் பாருங்கள்: ஃபிளாஞ்ச் ஐந்து சுற்றுக்கு 12-ஐத் தாண்டினால் 948, 11-க்குள் முடிந்தால் 1200. இதில் ஏமாற வழியே இல்லை.

அப்புறம் டாப் கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன்செய்து உரசாமல் சேர்க்கும் வளையம்) கிடையாது. வண்டி உருளும்போதே ஒன்றாவதைத் திணிப்பவர்கள் கையில் போயிருந்தால் முதல் கியர் பல்லின் முனைகள் எலி கடித்த மாதிரி இருக்கும். லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் அடியில் இருக்கும் துணைத் தண்டு) மேலிருக்கும் பல்லைக் கட்டை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் நீடில் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டியும் கொஞ்ச நாளில் உங்கள் பெட்டி மாதிரியே இரையும். அடியில் தங்கிய எண்ணெயை ஒரு தட்டில் வடித்துக் காந்தம் காட்டுங்கள். மஞ்சள் பொடி சிங்க்ரோ வளையத்திலிருந்து வருவது, காந்தத்தில் ஒட்டாது. கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை. இரும்புச் சில்லு ஒட்டினால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேலத்து ஹெரால்டு:
மிக்க நன்றி அண்ணா. கிளட்ச் பிளேட் சரியாக நுழைகிறது. முதல் கியரில் நாலு சுற்றுக்கு 15, இரண்டாவதில் ஐந்து சுற்றுக்குக் கிட்டத்தட்ட பத்தேமுக்கால். பல் முனைகள் சுத்தமாக இருக்கின்றன, ஆட்டம் இல்லை, காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. நல்ல பெட்டியாகத்தான் தெரிகிறது. மாட்டிவிடலாமா?

கோவை லேத்:
பெட்டி நல்ல பெட்டிதான், மாட்டினால் உட்காரும். ஆனால் உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

948-க்குப் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4.875. உங்கள் பழைய பெட்டியோடு சேர்த்தால் இரண்டாவது கியரில் மொத்த இழுவை சுமார் 12. இந்தப் பெட்டியோடு பத்தரைதான். முதல் கியரிலும் 20.8-இலிருந்து 18.3-க்கு இறங்கும். டவுனுக்குள் இது பெரிதாகத் தெரியாது. ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவில் வண்டி உருளும்போது சிங்க்ரோ இல்லாத முதல் கியருக்கு இறங்குவது சுலபமில்லை, இரண்டாவதை நம்பித்தான் திருப்ப வேண்டும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சின்ன இன்ஜின் அங்கேதான் திணறும். கிளட்சைப் பாதி மிதித்தே ஏற்றினால் பிளேட் கருகிவிடும்.

உங்கள் பழைய பெட்டியையே சரிசெய்யுங்கள். நாலாவது கியர் நேரடி இணைப்பு, லே ஷாஃப்டுக்குச் சுமையே வராது. அதனால்தான் அதில் மட்டும் சத்தம் இல்லை. பல் நன்றாக இருந்து ஷாஃப்டும் பேரிங்கும் மட்டும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஷாஃப்டை லேத்தில் சும்மா கடைந்து போட்டால் நிற்காது, ஹார்டன் செய்து கிரைண்டிங் போட வேண்டும். இரண்டாவது கழல்வதற்கு சிங்க்ரோ ஹப்பையும் செலக்டர் ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பட்டறை:
அண்ணன் சொல்வதுதான் சரி. ஹெரால்டில் பெட்டியை உள்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். சீட்டையும் நடு மூடியையும் முதலில் கழற்றிவிடுங்கள், வண்டியைத் தூக்கத் தேவையில்லை. திரும்பப் பூட்டும்போது பின் ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள். எண்ணெய் ஜிஎல் 4 தரத்தில் 80 அல்லது 90 போதும். ஜிஎல் 5 வேண்டாம், அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை வளையத்தை அரிக்கும்.

சேலத்து ஹெரால்டு:
சரி, நாளைக்கே கடைக்காரரிடம் பேசித் திருப்பிவிடுகிறேன். சனிக்கிழமை என் பெட்டியை இறக்குகிறோம். லே ஷாஃப்டைக் கழற்றியதும் படம் எடுத்துப் போடுகிறேன். அண்ணா, கிரைண்டிங் வேலைக்குக் கோவை வந்தால் உங்கள் லேத்திலேயே செய்து தருவீர்களா?

கோவை லேத்:
கொண்டு வாருங்கள் தம்பி. பேரிங்கையும் கூடவே எடுத்து வாருங்கள், அதை வைத்து அளந்துதான் ஷாஃப்டைத் தேய்க்க வேண்டும்.