சதுரங்க வேட்டையும் எங்கள் ஊர் காந்தி பாபுவும்

காவேரிப்பட்டணத்துக்காரர்:

2014 ஜூலையில் ‘சதுரங்க வேட்டை’ படம் வந்தபோது, மோசடிக்காரன் காந்தி பாபுவாக நட்டி பேசிய வசனத்துக்கெல்லாம் தியேட்டரில் விசில் பறந்தது. விசிலடித்தவர்களில் ஈமு கோழி வளர்ப்புக் கம்பெனிகளில் பணம் போட்டு ஏமாந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கம்பெனிகள் கவிழ்ந்து அப்போது முழுசாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஊரை ஏமாற்றுகிறவனுக்குக் காந்தி என்று பேர் வைத்தது இயக்குநர் வினோத்தின் குறும்பு.

ஆனால் காந்தி பாபு எல்லாம் தெரிந்து செய்கிறவன். நான் பார்த்தது என் ஒன்றுவிட்ட மாமாவை. கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பணம் கட்டிச் சேர்ந்து மேலும் ஆள் பிடித்தால் கமிஷன் என்கிற ‘ஆள் சேர்க்கும்’ கூட்டம். மே மாத வெயிலில் கோட்டு போட்டு மேடையேறி, “ஆறே மாசத்துல கார்” என்றார். அவர் வந்த டிவிஎஸ் எக்செல் ராயக்கோட்டை ரோட்டு டீக்கடை ஓரம் ஒளிந்து நின்றது. டை கட்டத் தெரியாது. யாரோ போட்டுக்கொடுத்த முடிச்சை அவிழ்க்காமல் தலைவழியாகக் கழற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, “மாப்ள, பெட்ரோலுக்கு அம்பது ரூபா இருக்குமா?” கொடுத்தேன். “உன்னத்தான் மொதல்ல சேத்திருக்கணும்” என்றார்.

அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் அடகுக்குப் போனது அவர் வீட்டு நகைதான். படத்தில் திருந்துகிற காந்தி பாபுவுக்கு, அவனை நேசிக்கும் பானு இருக்கிறாள். மாமா வீட்டு வாசலில் நின்றவர்கள் எல்லாம் பங்காளிகள்.

பாலக்கோட்டுக்காரர்:

படத்தில் கோடி விலை சொல்லி ஏமாற்ற வைத்திருக்கும் அந்த மண்ணுளிப் பாம்பே எங்களிடம் வந்தது. தக்காளி மண்டி கமிஷன் கடைக்காரரிடம் ஒருவன், “ரெண்டு கிலோவுக்கு மேல தேறினா கோடியில எடுக்க ஆளிருக்கு” என்றான். அவர் தராசைக் காட்டி, “சரி, அந்தாள இங்கயே வரச் சொல்லு, எடை போட்டுக் காசு வாங்கிக்கலாம்” என்றார். அப்புறம் ஒருத்தரும் வரவில்லை. அந்தப் பாம்பைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏமாந்தவன் எந்த முகத்தோடு போலீசுக்குப் போவான்? இந்தத் தொழிலே அந்தத் தைரியத்தில்தான் நடக்கிறது.

ஊத்தங்கரைக்காரர்:

மாமா இப்போ என்ன பண்றார்?

காவேரிப்பட்டணத்துக்காரர்:

மாங்காய் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறார், கமிஷன் ஒழுங்காக வருகிறது. படத்தையும் டிவியில் பார்த்துவிட்டார். “பேராசை புடிச்சவனுங்களுக்கு நல்ல பாடம் மாப்ள” என்றார். அடுத்த பேச்சு கிரிப்டோ. போனை வைத்துவிட்டேன்.