புதுப்பிப்பு: மதிய உணவுக்குப் பின் அப்பாவுக்கு லெவோடோபா வேலை செய்யாதது

பார்க்கின்சன் நோய்க்கு அப்பா எடுத்துக்கொள்ளும் லெவோடோபா–கார்பிடோபா மாத்திரை மதிய உணவுக்குப் பின் மட்டும் பலன் தராமல், கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் அவர் நின்றுவிடுவதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாம் என்ற யோசனைதான் பலித்தது. நரம்பியல் மருத்துவரும் அதை ஆமோதித்தார்: பருப்பு, தயிர், முட்டை ஆகியவற்றின் புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்கள், குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபாவுடன் போட்டியிடுகின்றன. இப்போது சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்ததும் அவராகவே எழுந்து சென்று கை கழுவுகிறார்.

எதிர்பாராதது ஒன்று: ரத்தசோகைக்காகக் கூடவே விழுங்கிவந்த இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபா உடலில் சேர்வதைக் குறைக்கும் என்று மருத்துவர் கூறி, அதை வேறு நேரத்துக்கு மாற்றினார். லெவோடோபாவை வெறும் வயிற்றில் எடுத்ததால் முதலில் சற்றுக் குமட்டியது. ஒரு ரஸ்க் கொடுத்ததும் அடங்கியது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.